ஆள் இல்லாத இடத்துப் பேச்சு

எங்கள் சபையில் வாலிபர் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறான். வயது 22. பக்கத்து வீட்டுப் பையன். நடக்கப் பழகியதே எங்கள் வராண்டாவில்தான். தேர்தல் முடிந்த மறு ஞாயிறு, ஆராதனை விட்டு வெளியே வந்ததும், "மாமா, ஒரு டீ குடிப்போமா?" என்று கோவிலுக்கு எதிர்த்த கடைக்கு என்னைக் கூட்டிப்போனான். கூட்டிப்போனது அவன், காசு கொடுத்தது நான்.

கடையில் நல்ல கூட்டம். இரண்டு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் இடம் பிடித்தோம். அன்றைக்குப் பாடகர் குழு பாடிய ஆந்தம் ஏழெட்டு நிமிஷம் இழுத்திருந்தது. "நம்ம பாட்டு வாத்தியாருக்கு ஆண்டவர் மேல பிரியம் உண்டு, இல்லங்கல. தன் தொண்டை மேல அதவிடக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். பையன் வடையைக் கடித்தபடியே சிரித்தான். டீ வந்தது.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். "நம்ம சபை ஐயர் என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒரே ஒரு புத்திதான் சொன்னாவ. இனிமே வாயைப் பாத்துப் பேசுன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல மாமா. நான் கெட்ட வார்த்தையே பேசுறதில்லயே. காலேஜ்லகூடப் பேசினதில்ல."

உண்மைதான். அவன் வாயில் அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. ஆனால் சிக்கல் அந்தக் 'கெட்ட வார்த்தை' என்பதிலேயே இருக்கிறது. எபேசியருக்கு எழுதின நிருபம் 4ஆம் அதிகாரம் 29ஆம் வசனத்தை ஞாயிறு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்கிறார்கள். கெட்ட வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது என்கிற வசனம். தமிழ்ப் பிள்ளைக்குக் 'கெட்ட வார்த்தை' என்றால் ஒரே அர்த்தம்தான்: பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் சண்டை போடும்போது காதைப் பொத்திக்கொள்கிறோமே, அது. அதைப் பேசாதவன் அந்த வசனத்தில் பாஸ். பரீட்சை முடிந்தது.

பவுல் எழுதின கிரேக்கச் சொல் 'சாப்ரோஸ்'. அழுகிப்போன, கெட்டுப்போன என்று அர்த்தம். மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வலையை இழுத்துக் கரையில் போட்டு, நல்ல மீனைக் கூடையில் சேர்த்து, ஆகாததை எறிகிறார்கள் இல்லையா, அங்கே எறியப்படுகிற மீனுக்கும் இதே சொல்தான். கெட்ட வார்த்தை என்பதை அசிங்கமான வார்த்தை என்று கேட்காமல், கெட்டுப்போன மீன் என்கிறபோது வருகிற 'கெட்டுப்போன' என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் வசனத்தின் எல்லை சட்டென்று விரிகிறது.

"எங்க அம்மா மீன் வாங்குறத பாத்திருக்கியாடே?" என்றேன். தூத்துக்குடியிலிருந்து கூடை கொண்டுவருகிற பாட்டியிடம் அம்மா ஒரு நாளும் மீனின் பளபளப்பைப் பார்த்ததில்லை. ஐஸில் கிடந்தால் எந்த மீனும் பளபளக்கும். அம்மா செவுளைத் திறப்பாள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் விலை பேசுவாள். பழுப்பேறியிருந்தால் பேசாமல் கூடையில் போட்டுவிடுவாள். பேச்சும் அப்படித்தான். மேலே ஐஸ் மினுங்க, உள்ளே பழுத்துப்போன பேச்சை நான் பேசியிருக்கிறேன். அதுவும் ஜெபத்தில்.

அதை அவனிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனாலும் சொன்னேன்.

நான் இதே சங்கத்தில் செயலாளராக இருந்தபோது எனக்கு 23 வயது. சங்கத்தில் டிப்ளமோ படிக்கிற பையன் ஒருத்தன். ஒரு நாள் ராத்திரி குளத்துக் கலுங்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஐந்து பேப்பர் அரியர் இருக்கிறது, வீட்டில் தெரியாது, அப்பா கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிறார் என்று அழுதான். நான் தோளில் கைபோட்டு, உனக்காக ஜெபிக்கிறேன் என்றேன். சொன்னபடியே ஜெபித்தேன். சனிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில், சத்தமாக. "ஆண்டவரே, பேர் சொல்லவில்லை, எங்கள் சங்கத்தில் டிப்ளமோ படிக்கிற தம்பி, ஐந்து பேப்பர் பாக்கி வைத்துக்கொண்டு, பெற்றோரிடம் மறைத்துக்கொண்டு..." என்று உருகி உருகி. பேர் சொல்லவில்லை என்பதில் எனக்குத் திருப்தி வேறு. எங்கள் சங்கத்தில் டிப்ளமோ படித்தது அவன் ஒருத்தன்தான். கூட்டத்தில் அவன் அத்தை இருந்தாள்.

ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருப்போம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவன் உட்கார்ந்திருந்த இடம் காலி. வாசலில் அவன் செருப்பு இல்லை. அதற்கப்புறம் அவன் சங்கத்துக்கு வரவேயில்லை.

அந்த ஜெபத்தில் ஒரு சொல்கூட அசிங்கமில்லை. இலக்கணப் பிழைகூட இல்லை. செவுளைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்: அவன் பாரத்தை ஆண்டவரிடம் கொண்டுபோனதைவிட, எனக்கு எவ்வளவு பேர் ரகசியம் சொல்கிறார்கள் பார் என்று கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டது அதிகம். 'ஜெபக்குறிப்பு' என்று ஆரம்பிக்கிற பேச்சில் பாதி இப்படித்தான். "அந்தப் பிள்ளைக்காக ரொம்ப பாரமா இருக்கு, ஜெபிச்சுக்கோங்க" என்று தொடங்கி, எந்தப் பிள்ளை, யாரோடு, எந்த பஸ்ஸில் என்று முடியும். நம் சபைகளுக்கென்று ஒரு தனித் தமிழ் இருக்கிறது: பாரம், சாட்சி, ஸ்தோத்திரம். அந்தத் தமிழில் பேசினால் புறணியும் பக்திபோலவே இருக்கும்.

பையன் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப யார்ட்டயும் யாரப் பத்தியும் பேசவே கூடாதா?" என்றான். நியாயமான கேள்வி. ஒரு சங்கத்தை நடத்துகிறவன் ஆட்களைப் பற்றிப் பேசாமல் நடத்த முடியாது. யாருக்கு எந்த வேலை, யாருக்கு உடம்பு சரியில்லை, யாரைப் பாடச் சொல்லலாம், எல்லாமே ஆட்களைப் பற்றிய பேச்சுத்தான்.

இதற்குப் பதில் சொல்ல நான் ஜெர்மனி வரைக்கும் போக வேண்டியிருந்தது. டீட்ரிக் போன்ஹோஃபர் என்கிற லுத்தரன் போதகர் 1906இல் பிறந்தவர். 1935இல், 29 வயதில், ஹிட்லர் ஆட்சிக்கு வளைந்துகொடுக்க மறுத்த சபைப் பிரிவுக்காகப் போதகர்களைத் தயார்செய்யும் பள்ளி ஒன்றை நடத்தினார். ஸ்டெட்டின் நகரை ஒட்டிய ஃபிங்கன்வால்டே என்கிற இடம். இன்று அது போலந்தில் இருக்கிறது. படிக்க வந்தவர்களும் வாலிபர்கள்தான், பலருக்கும் அவரைவிடச் சில வயதே குறைவு. ஒரே வீட்டில் சாப்பாடு, ஜெபம், படிப்பு, விளையாட்டு எல்லாம். இளவட்டங்கள் ஒரே கூரையின் கீழே இருந்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும் என்றேன். அவன் ஹாஸ்டலில் இருந்தவன், தலையாட்டினான்.

அங்கே போன்ஹோஃபர் வைத்த விதியை அவருடைய மாணவரும் நண்பருமான எபர்ஹார்ட் பெத்கே பிற்பாடு எழுதியிருக்கிறார். கூடப் படிக்கிற ஒருவன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக் கூடாது. ஒருவேளை பேசிவிட்டால், அவனிடமே போய் 'உன்னைப் பற்றி இப்படிப் பேசினேன்' என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் விதி. அதைக் காப்பாற்ற முடியாமல் தோற்று, போய்ச் சொல்லி, மறுபடி தோற்று, அதிலேயே நிறையக் கற்றுக்கொண்டோம் என்கிற மாதிரி பெத்கே எழுதுகிறார். எனக்கு இந்த விதியில் பிடித்தது முதல் பாதி அல்ல. பேசாதே என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்; நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லாததா? இரண்டாவது பாதிதான் பல் உள்ள பாதி. போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால், வாய் திறக்கும்போதே அவன் முகம் முன்னால் வந்து நிற்கும்.

1937இல் கெஸ்டாபோ அந்தப் பள்ளியை மூடிவிட்டது. அங்கே வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து போன்ஹோஃபர் சேர்ந்து வாழ்வதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், 1939இல் வெளிவந்தது. அதில் சபையில் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய ஊழியங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முதலாவது, நாக்கைப் பிடித்து வைக்கிற ஊழியம். பிறகு தாழ்மை, காதுகொடுத்துக் கேட்பது, உதவி செய்வது, சுமப்பது, வசனம் சொல்வது என்று போய், ஏழாவதாக, கடைசியில்தான் அதிகாரம் வருகிறது. நம் ஊரில் செயலாளர் பதவி என்றால் முதலில் கையில் கிடைப்பது மைக். அவர் வரிசையிலோ அதிகாரத்துக்கு முன்னால் ஆறு படி. முதல் படி வாயை மூடுவது.

இந்த வரிசை அவர் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. இளம் ஊழியனான தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதும்போது, உன் வயதைப் பார்த்து யாரும் உன்னை அலட்சியம் செய்யாதபடி முன்மாதிரியாக இரு என்று சொல்லி ஒரு பட்டியல் போடுகிறார். 1 தீமோத்தேயு 4:12. அதில் முதல் இடம் வார்த்தைக்கு. அன்பும் விசுவாசமும் அதற்குப் பின்னால்தான். யாக்கோபு 3ஆம் அதிகாரத்தையும் எடுத்துப்பார். நாக்கு நெருப்பு என்கிற அதிகாரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது யாரைப் பார்த்துத் தொடங்குகிறது என்பதை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். நிறையப் பேர் போதிக்கிறவர்களாக ஆசைப்படாதீர்கள், அவர்களுக்குத் தீர்ப்பு கூடுதல் என்பதுதான் முதல் வசனம். நாக்கைப் பற்றிய அந்தப் பாடம் முழுக்க முன்னால் நிற்க ஆசைப்படுகிறவனுக்குத்தான். நெருப்புக்கு முன்னால் அவர் காட்டுகிற உவமைகளும் குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான். இரண்டும் கெட்ட பொருள் இல்லை. தூத்துக்குடித் துறையில் தோணியைப் பார்த்திருப்பாய். அத்தனை பெரிய மரக்கட்டுமானம் பின்னால் இருக்கிற ஒரு பலகை திரும்பினால் திரும்பும். தலைவன் பேச்சு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, சங்கம் அந்தப் பக்கம்தான் போகும். செயலாளர் ஒருத்தனைக் கிண்டல் செய்தால் மறு வாரம் முப்பது பேர் கிண்டல் செய்வார்கள்.

டீ மாஸ்டர் அடுத்த கிளாஸை ஆற்றிக்கொண்டே, "சார், பிரசங்கம் இங்கயும் உண்டா?" என்றார். அவருக்கும் சேர்த்து இன்னொரு சுற்று சொன்னேன்.

"கிண்டல்னு சொன்னதும் கேக்கேன் மாமா, நாங்க எல்லாரும் லே, வாலே, போலேன்னுதான பேசுதோம். அதையும் விடணுமா?" என்றான். விட வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திருநெல்வேலிச் சீமையில் 'லே' என்பது பாதி நேரம் பாசம். அம்மா மகனைக் கூப்பிடுவதும் அதுதான். அதை விட்டுவிட்டு, நேற்றுவரை கூட ஆடினவனிடம் "சகோதரரே, வாருங்கள்" என்றால் அவன் பயந்துபோய்விடுவான். வார்த்தையை வெள்ளையடிப்பதல்ல வேலை. ஆனால் பட்டப்பேர் வேறு. கருப்பாக இருக்கிறவனை, திக்குவாயனை, குண்டாக இருக்கிற பிள்ளையை அந்த ஒன்றைச் சொல்லியே கூப்பிடுவது, கேட்டால், "சும்மா ஜாலிக்கு." நீதிமொழிகள் 26ஆம் அதிகாரம் இதற்கென்றே எழுதினதுபோல இருக்கும்: ஆளை ஏமாற்றிவிட்டு விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்கிறவனை, கொள்ளிக்கட்டையை வீசுகிற பைத்தியக்காரனுக்கு ஒப்பிடுகிறது. திக்குகிறவனுக்கு அன்றைக்கு வேதபாடம் வாசிக்கும் முறை வரும்போதுதான் அந்த ஜாலியின் விலை தெரியும்.

இன்னொன்று இருக்கிறது, அதை டீக்கடையில் சத்தமாகச் சொல்வதில்லை. குரலைத் தாழ்த்தியே சொன்னேன். புதிதாக ஒரு குடும்பம் சபைக்கு வந்தால் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, சொந்த ஊர் எது என்பது. ஊர் தெரிந்தால் தெரு. தெரு தெரிந்தால் மற்றது தெரிந்துவிடும். "நம்ம ஆட்கள்தானா?" என்று அப்புறம் ஒரு கிசுகிசு. ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்று, பந்தி ஒன்று, அசனப் பண்டிகைக்கு அண்டா ஒன்று; கல்யாணப் பேச்சும் கமிட்டித் தேர்தலும் வந்தால் மட்டும் 'நம்ம ஆட்கள்' வேறாகிவிடுகிறார்கள். இந்தப் பேச்சில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. கேட்கிறவர்கள் நல்ல இங்கிதமாகத்தான் கேட்பார்கள். 22 வயதுச் செயலாளர் செய்யக்கூடிய பெரிய காரியம், அந்த 'நம்ம' என்கிற சொல்லைச் சபை முழுவதுக்குமாகத் திருப்பிப் போடுவது. உன் வாயில் அந்தக் கேள்வி வரக் கூடாது. உன் காதில் விழுந்தால் சிரித்து மழுப்பவும் கூடாது என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தேர்தலில் அவனுக்கு ஓட்டு எப்படி எண்ணப்பட்டது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். சங்கத்து வாட்ஸ்அப் குரூப். "கிறிஸ்துமஸ் கீதபவனிக் கணக்கு இன்னும் வரவில்லை. சில பேருக்குச் சபைப் பணம் என்றால் சொந்தப் பணம் மாதிரி" என்று ஒருவர் போட்டிருந்தார். அதற்குக் கீழே இரண்டு கட்டைவிரல், ஒரு கைகூப்பு.

தமிழில் 'சில பேர்' என்பது தனி ஆயுதம். யாரையும் சொல்லவில்லை, எல்லோருக்கும் யாரென்று தெரியும். என் ஜெபத்தில் 'பேர் சொல்லவில்லை' இருந்ததே, அதன் தம்பி இது. கணக்குக் கேட்பதில் தப்பே இல்லை; கேட்கத்தான் வேண்டும், கேட்காத சபைதான் கெட்டுப்போகும். ஆனால் பொருளாளரிடம் கேட்டிருந்தால் அது கேள்வி. நாற்பது பேர் முன்னால் 'சில பேர்' என்று போட்டால் அது தீர்ப்பு. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு ஒழுங்கு சொல்கிறார். ஒருவன் தப்பு செய்தால் முதலில் நீயும் அவனும் தனியே. கேட்கவில்லையா, ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். முதலில் குரூப்பில். பிறகு டீக்கடையில் இரண்டு மூன்று பேர். கடைசியில், ஆளே வந்து சண்டை போட்டால், அவனிடம்.

அதோடு வாட்ஸ்அப்பில் பேச்சு பாதியாக வெட்டுப்படும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு முன்னும் பின்னும் கிடையாது. போன்ஹோஃபருக்கே இது நடந்திருக்கிறது. ஹிட்லர் பதவியேற்று இரண்டு நாள் கழித்து, 1933 பிப்ரவரி 1ஆம் தேதி, தலைமையைப் பற்றி வாலிபர் தலைமுறையை வைத்து அவர் பெர்லின் வானொலியில் பேசினார். தன்னைப் பின்பற்றுகிறவர்களுக்குத் தன்னையே விக்கிரகமாக்கிக்கொள்கிற தலைவன் வழிகாட்டி அல்ல, வழிதப்பச் செய்கிறவன் என்கிற இடத்துக்குப் போகிற பேச்சு. முடிவதற்குள் ஒலிபரப்பு நின்றுபோனது. தான் புதுத் தலைவரைப் புகழ்ந்ததாகக் கேட்டவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று அவருக்குக் கவலை. முழுப் பேச்சையும் நகலெடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். மூன்று நாளில் 27 வயது முடியப்போகிற பையன் அவர் அப்போது. நீ ராத்திரி 11 மணிக்குக் கோபத்தில் போடுகிற வாய்ஸ் நோட்டுக்கு யார் நகல் எடுத்து விளக்கம் அனுப்புவார்கள் என்று கேட்டேன்.

அவன் அந்த மெசேஜுக்குப் பதில் எழுதவில்லை. பொருளாளருக்கு மட்டும் தனியாக, "சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமாண்ணே?" என்று அனுப்பினான். பொருளாளர் நல்லவர், கொஞ்சம் சோம்பேறி என்று சொல்ல வாயெடுத்தேன். டீயைக் குடித்துவிட்டேன்.

வள்ளுவர் இதற்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். 19ஆவது, புறங்கூறாமை. அடுத்த அதிகாரம் பயனில சொல்லாமை. புறம் என்றால் முதுகுப் பக்கம். முகத்துக்கு முன்னால் சொல்லாததை முதுகுக்குப் பின்னால் சொல்வது. சொல்லிலேயே வரையறை இருக்கிறது. தமிழ் வேதாகமம் 15ஆம் சங்கீதத்தில், கர்த்தரின் கூடாரத்தில் தங்கத் தகுதியுள்ளவன் யார் என்று சொல்லுமிடத்தில், இந்தச் சொல்லையேதான் எடுத்துக்கொள்கிறது. சாயர்புரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய போப் ஐயர் 1886இல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இந்தச் சீமையில் இரண்டு நூலும் ஒரே அலமாரியில்தான் இருந்திருக்கின்றன.

நான் இதுவரை சொன்னதை வைத்துப் பையன் தப்பாக ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம் வந்தது. வாயை மூடுவதுதான் பக்தி என்று. அப்படி மூடி மூடித்தான் நம் சபைகளில் பல அநியாயம் புழுத்துப்போயிருக்கிறது.

நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 21 வயதுக்குள் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். 28 வயதில் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1912இல் இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1910இல், எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளைக்காரர்கள். 35 வயது அசரியா எழுந்து, நீங்கள் எங்களுக்காக எத்தனையோ தியாகம் செய்கிறீர்கள், ஆனால் எங்களைச் சமமாக உட்காரவைத்துப் பழகுவதில்லை என்கிற அர்த்தத்தில் பேசி, கடைசியில் கேட்டது நட்பு ஒன்றைத்தான். அங்கிருந்த சில மிஷனெரிகளுக்கு அது கசந்தது. அவர் அதை ஊருக்குத் திரும்பி வந்து கலுங்கில் உட்கார்ந்து முணுமுணுத்திருக்கலாம். நம்மில் பலர் அதைத்தான் செய்திருப்போம். அவர் யாரைப் பற்றியதோ அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார், மரியாதை குறையாமல். நாவடக்கம் என்றால் எனக்கு அந்தப் பேச்சுத்தான் ஞாபகம் வரும்.

தனியாகப் போய்ப் பேசக் கூடாத விஷயமும் உண்டு. வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தப்போகிறாய், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உன் பொறுப்பில் இருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு யாராவது பாலியல் தீங்கு செய்வதாக உன் காதுக்கு வந்தால், மத்தேயு 18 என்று சொல்லிக்கொண்டு அந்த ஆளிடம் போய்ச் சமாதானம் பேசாதே. சபையின் பேர் கெட்டுவிடும், சாட்சி போய்விடும் என்று பெரியவர்களே உன்னை அடக்கப் பார்ப்பார்கள். 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாரானாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பதே குற்றம். 1098 என்கிற எண்ணைப் போனில் போட்டு வை. அங்கே மௌனம் காப்பது நாவடக்கம் ஆகாது. இதை மட்டும் அவனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"இவ்வளவையும் ஞாபகம் வச்சுக்க முடியாது மாமா" என்றான். முடியாதுதான். அதனால் ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தேன். நாளைக்கே சங்கத்தில் ஒருத்தன் உன்னிடம் வந்து இன்னொருத்தனைப் பற்றி ஆரம்பிப்பான். புதுச் செயலாளரிடம் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அது பதவியோடு வருகிற மொய். அவனுக்கு உபதேசம் பண்ணாதே, முகத்தைத் திருப்பாதே. சாதாரணமாக, "இத அவர்ட்ட சொல்லிட்டியா?" என்று கேள். சொல்லிட்டேன் என்றால் பிறகு பேசலாம். இல்லை என்றால், "வா, ரெண்டு பேரும் போவோம்" என்று எழுந்திரு. பாதிப்பேர் அங்கேயே விஷயத்தை விட்டுவிடுவார்கள். மீதிப்பேரோடு நிஜமாகவே போக வேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம்.

காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். அவன் எழவில்லை.

"மாமா, டீ வாரதுக்கு முன்னால பாட்டு வாத்தியாரப் பத்தி ஒண்ணு சொன்னீங்கள்லா."

"என்ன சொன்னேன்?"

"தொண்டை."

நான் மணியைப் பார்த்தேன். "மத்தியானம். சாப்பிட்டுப் படுத்திருப்பாருடே."

"பன்னெண்டுகூட ஆகல மாமா. இத அவர்ட்ட சொல்லிட்டீங்களா?" பையன் முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் தொந்தரவு. சிரித்திருந்தால் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

பாட்டு வாத்தியார் வீடு இரண்டு தெரு தள்ளி. வேப்பமர நிழலோடே நடந்தோம். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் வாக்கியம் நீண்டுகொண்டே போனது. கேட்டைத் திறக்கும்போதே உள்ளே கீபோர்டு சத்தம். அடுத்த வாரத்து ஆந்தத்தை இப்போதே எடுத்துவிட்டார். அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "வாங்க, வாங்க, டீ போடட்டுமா?" என்றார்கள்.

"இப்பத்தான் குடிச்சோம் அத்தை" என்றான் பையன்.

கீபோர்டு நின்றது. வாத்தியார் வேட்டியை இறுக்கிக்கொண்டே வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நானே உங்கட்ட கேக்கணும்னு இருந்தேன். இன்னைக்குப் பாட்டு எப்படி இருந்துச்சு?"